டெர்மினல் முழுக்க ‘ஓ’ விழுகிறது. புது எஸ்டிஆர் வாங்க வேண்டுமா?

கொடைக்கானலில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி இது. ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளைச் செருகி (எஸ்டிஆர் என்பது மென்பொருளால் இயங்கும் ரேடியோ ரிசீவர்), பைத்தானில் சோப்பி எஸ்டிஆர் என்ற லைப்ரரி வழியாக நொடிக்கு 24 லட்சம் சாம்பிள், அதாவது சிக்னலின் அளவீடுகள், எடுத்து, 137 மெகாஹெர்ட்ஸில் மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளின் படத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். ஒரே லூப்புக்குள் படிக்கிறார், ஃபில்டர் செய்கிறார், அவ்வப்போது வாட்டர்ஃபால் (சிக்னலின் அலைவரிசைகள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம்) வரைகிறார், எஸ்டி கார்டில் எழுதுகிறார். ஆரம்பித்து ஐந்து நொடியில் டெர்மினலில் ‘ஓ’ எழுத்து விழத் தொடங்குகிறது. கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைத்தும் நிற்கவில்லை. வரும் சாம்பிளைத் தேக்கி வைக்கும் பஃபரைப் பத்து மடங்காக்கினால் ஐம்பது நொடி போல ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி விழுகிறது, படமோ முன்பைவிட மோசம். விலை கூடிய எஸ்டிஆர் வாங்கினால் தீருமா, இதே செட்டப்பில் பிறகு ஹைட்ரஜன் கோடு (விண்வெளியிலுள்ள ஹைட்ரஜன் வெளியிடும் ரேடியோ அலை) பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

வாங்கலாமா என்று கேட்டாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது கோளாறு கருவியிலா, தன் புரோகிராமிலா என்பதைத்தான். புரோகிராமில்தான். அவர் கொடுத்திருக்கும் ஐந்து, ஐம்பது என்ற இரண்டு எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. நான் கோத்தகிரி பக்கம். ரிசீவர்களோடும் அவற்றுக்கான புரோகிராம்களோடும் பல வருடமாகப் பிழைப்பு நடத்துகிறவன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். அவருடைய முழு புரோகிராமை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த ‘ஓ’. டாங்கிள் யாருக்காகவும் காத்திருக்காது. நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் நொடிக்கு 24 லட்சம் சாம்பிளை யூஎஸ்பி வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். வருவதை ஒரு வரிசையில் சேர்த்து வைப்பது டிரைவரின் வேலை, அதிலிருந்து எடுப்பது உங்கள் லூப்பின் வேலை. வரிசை நிரம்பிய பிறகு வருவதை வைக்க இடமில்லாமல் டிரைவர் கீழே போடுகிறதே, அதற்கான அறிவிப்புதான் ஓவர்ஃப்ளோ. இது இரண்டு வகையில் நேரலாம். ஒன்று, உங்கள் லூப் எப்போதுமே வரத்தைவிட மெதுவாக ஓடுகிறது. மற்றது, சராசரியில் லூப் வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்போதாவது ஒரு நொடி எங்கோ மாட்டிக்கொள்கிறது. எங்கள் ஊர் தேயிலை ஃபேக்டரிகளில் இரண்டையும் பார்க்கலாம். கொழுந்து லாரிகள் மொத்தமாக ஒரே நேரத்தில் வந்தால் வாடப்போடும் தொட்டிகள் தாங்கிக்கொள்ளும். தினமும் வரும் கொழுந்தே அரைக்கும் திறனைவிடக் கூடுதல் என்றால் எத்தனை தொட்டி கட்டினாலும் ஒருநாள் தரையில்தான் கொட்ட வேண்டும். பஃபரைப் பெரிதாக்குவது தொட்டி கட்டுவது. அது இரண்டாவது வகைக்கு மட்டும்தான் மருந்து.

உங்களுடையது முதல் வகை. ஆர்டிஎல் டிரைவரின் வழக்கமான அமைப்பில் ஒரு பஃபர் 2,62,144 பைட். ஒரு சாம்பிளுக்கு ஐ, க்யூ என்று இரண்டு பைட் போவதால் அதில் 1,31,072 சாம்பிள் அடங்கும். உங்கள் வேகத்தில் அது ஏறக்குறைய 55 மில்லிவினாடிக்கான சரக்கு. இப்படி 15 பஃபர், அதாவது மொத்த வரிசையின் கொள்ளளவு 0.82 நொடி. அது ஐந்து நொடியில் நிரம்புகிறது என்றால் ஒவ்வொரு நொடியும் 0.16 நொடிக்கான சாம்பிள் தேங்குகிறது. பத்து மடங்காக்கியதும் கொள்ளளவு 8.2 நொடி, நிரம்ப ஆன நேரம் ஐம்பது நொடி. கணக்கு அப்படியே பொருந்துகிறது. எப்போதாவது மாட்டிக்கொள்ளும் வகையாக இருந்திருந்தால் பத்து மடங்கு பஃபரில் ‘ஓ’ அநேகமாக மறைந்திருக்கும். சரியாகப் பத்து மடங்கு தள்ளிப்போயிருப்பதால், உங்கள் லூப் வரத்தில் நூற்றுக்கு 84 பங்கைத்தான் முடிக்கிறது. 55 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டிய சுற்று சராசரியாக 65 எடுக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

படம் ஏன் இன்னும் மோசமானது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சோப்பியின் ஆர்டிஎல் பகுதி, ஓவர்ஃப்ளோ நேர்ந்ததும் நிரம்பி வழிந்ததை மட்டும் விடுவதில்லை. தேங்கிய வரிசை முழுவதையும் காலி செய்துவிட்டு, புதிதாக வருவதிலிருந்து தொடங்கும். பழைய அமைப்பில் ஒரு ‘ஓ’வுக்கு ஒரு நொடிக்குக் குறைவாகப் போனது. இப்போது ஒரு ‘ஓ’வுக்கு எட்டு நொடி போகிறது. செயற்கைக்கோள் அதற்குள் ஒரு பட்டை நிலத்தைக் கடந்திருக்கும். ‘ஓ’ குறைவாக விழுகிறது என்று சந்தோஷப்பட முடியாது. பஃபரைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

கெயினைக் குறைத்ததற்குப் பலன் இல்லாதது இயல்புதான். கெயின் மாறினால் சாம்பிளின் மதிப்பு மாறும், எண்ணிக்கை மாறாது. ஓவர்ஃப்ளோவுக்கு எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு. இங்கே குழம்புவது வேறொன்றோடு: ஓவர்லோட். கொடைக்கானலில் இருக்கிறவருக்கு அது உண்மையான தொல்லைதான், ஏனென்றால் தமிழ்நாட்டின் பாதிக்குக் கேட்கும் 100.5 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் கோபுரம் உங்கள் தலைமேலேயே நிற்கிறது. அந்தச் சிக்னல் டாங்கிளின் முன்பகுதியை நிறைத்து 137 மெகாஹெர்ட்ஸையும் கெடுக்கலாம். சோதிப்பது எளிது. எட்டு பிட் மூல எண்களை எடுத்து, அதில் 127-உம் மைனஸ் 128-உம் அடிக்கடி வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் கெயினைக் குறையுங்கள். வராமலே சிக்னல் குழம்பித் தெரிந்தாலும், 88 முதல் 108 வரை தடுக்கும் பண்பலை ஃபில்டர் ஒன்றை ஆன்டெனா வழியில் போடுவது உங்கள் ஊருக்கு நல்லது. ஆனால் அது தனி வேலை, அதைச் செய்தால் ‘ஓ’ நிற்காது.

இனி 65 மில்லிவினாடி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இதில் ஊகம் வேண்டாம், அளந்துவிடுங்கள். பைத்தானின் டைம் மாட்யூலில் உள்ள பெர்ஃப் கவுன்டரைக் கொண்டு படிப்பது, ஃபில்டர், வரைவது, எழுதுவது என நான்குக்கும் தனித்தனியாக நேரம் எடுத்து ஒரு லிஸ்ட்டில் போட்டுக்கொண்டே போங்கள். சுற்றுக்குச் சுற்று பிரின்ட் செய்யாதீர்கள், அதுவே நேரம் தின்னும். முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் சராசரியையும் உச்சத்தையும் பாருங்கள். சராசரிகளின் கூட்டு 55-ஐத் தாண்டினால் அது பற்றாக்குறை. சராசரி குறைவாக இருந்து எழுதும் வேலையின் உச்சம் மட்டும் 900 என்று நின்றால் அது எஸ்டி கார்டின் திக்கல். இன்னொரு அடையாளமும் உண்டு: சுற்றின் நேரம் ஆரம்பத்தில் சின்னதாக இருந்து போகப்போக ஏறினால், பைத்தானின் கணக்கு லைப்ரரியான நம்பையின் அப்பெண்டால் ஒரே அர்ரேயை வளர்த்துக்கொண்டே போகிறீர்கள் என்று அர்த்தம். அது ஒவ்வொரு முறையும் பழையது முழுவதையும் காப்பி செய்கிறது. லிஸ்ட்டில் சேர்த்துக் கடைசியில் ஒரே தடவை ஒட்டினால் போதும்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முதலில் வாட்டர்ஃபால் மீதும், அடுத்தது ஃபில்டர் மீதும். வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப் அச்சு, எழுத்து, கட்டம் எல்லாவற்றையும் திரும்ப வரைகிற ஒரு முறைக்கே பை 4-இல் இரண்டு மூன்று சுற்றின் நேரத்தை விழுங்கிவிடும். அதை வேறு புராசஸுக்கு அனுப்புங்கள், அல்லது பதிவு நடக்கும்போது வரையவே வேண்டாம். ஃபில்டரில் பலர் செய்வது இது: சைபை என்ற இன்னொரு கணக்கு லைப்ரரியின் எல்ஃபில்டரில் எல்லா சாம்பிளையும் ஃபில்டர் செய்துவிட்டு, பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைத் தூக்கி எறிவது. எறியப் போகிறதை எதற்குக் கணக்குப் போட வேண்டும்? அதே சைபையில் உள்ள அப்ஃபர்டவுன், வைத்துக்கொள்ளும் சாம்பிளுக்கு மட்டும் பெருக்கும். ஃபில்டரின் வேலை கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகும். அப்புறம் டேட்டா வகை. சோப்பி கொடுப்பது சாம்பிளுக்கு எட்டு பைட் உள்ள காம்ப்ளெக்ஸ்64. நீங்கள் ஃபில்டர் எண்களையோ, ஃப்ரீக்வென்சி நகர்த்தும் சுழல் அலையையோ வழக்கம்போல நம்பையில் செய்து பெருக்கினால் எல்லாம் சத்தமில்லாமல் 16 பைட் காம்ப்ளெக்ஸ்128 ஆகிவிடும். நினைவகத்தில் நகர வேண்டிய சரக்கு அப்படியே இரட்டிப்பு. அந்த அர்ரேக்களை முன்கூட்டியே ஒருமுறை செய்து, 32 பிட் வகைக்கு மாற்றி, லூப்புக்கு வெளியே வைத்துவிடுங்கள். பழைய நம்பையின் எஃப்எஃப்டி (சிக்னலை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு) 64 பிட்டில்தான் வேலை செய்யும். சைபையின் எஃப்எஃப்டி கொடுத்த வகையிலேயே திருப்பித் தரும்.

இவ்வளவும் சொன்னாலும், இவற்றில் எதையும் தொடாமலே உங்கள் ‘ஓ’ நின்றுவிடும் வழி ஒன்று இருக்கிறது: 24 லட்சம் எதற்கு? மெட்டியோர் படம் அனுப்பும் எல்ஆர்பிடி சிக்னல் நொடிக்கு 72,000 சிம்பல் கொண்டது, ஒன்றரை லட்சம் ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இந்த டாங்கிள் ஏற்கும் வேகங்கள் 2,25,001 முதல் 3,00,000 வரை, பிறகு 9,00,001 முதல் 32,00,000 வரை. இடையில் உள்ளவை கிடையாது. 10,24,000-க்கு இறங்குங்கள். அதே 1,31,072 சாம்பிளுக்கு இப்போது 128 மில்லிவினாடி கிடைக்கிறது, உங்கள் லூப்புக்குத் தேவையோ 65. வரிசையின் கொள்ளளவும் தானாகவே 1.9 நொடி ஆகிறது, பஃபரைத் தொடாமலே. உள்ளே சிப் 28.8 மெகாஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்துத்தான் குறைத்துக் கொடுக்கிறது, ஆகவே குறைந்த வேகம் கேட்டதால் சிக்னலை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2,50,000-க்கே இறங்கினாலும் முடியும், வரிசை எட்டு நொடி தாங்கும். ஆனால் குறைந்த வேகங்களில் ஒரு பொறி இருக்கிறது. சோப்பியில் சாம்பிளைப் படிக்கும் ரீட்ஸ்ட்ரீம் வழக்கமாகக் காத்திருப்பது 0.1 நொடிதான், ஒரு பஃபர் நிரம்பவோ 10,24,000-இலேயே 0.128 நொடி, 2,50,000-இல் அரை நொடிக்கு மேல் ஆகும். ஆக, மைனஸ் 1 என்ற விடை முதலாவதில் அவ்வப்போதும் இரண்டாவதில் வரிசையாகவும் வரும். அது டைம்அவுட். ஓவர்ஃப்ளோவின் எண் மைனஸ் 4. டைம்அவுட்டை ஒரு நொடியாக, அதாவது 10,00,000 மைக்ரோவினாடியாக ஏற்றிவிட்டால் மைனஸ் 1 அடங்கிவிடும்.

அந்த விடையை நீங்கள் பார்க்கிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். ரீட்ஸ்ட்ரீம் எத்தனை சாம்பிள் கொடுத்தது என்பதைத் தன் விடையில் சொல்கிறது, அது நீங்கள் கேட்டதைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டரை லட்சம் கேட்டால் ஒரு பஃபரில் உள்ள 1,31,072 வரைதான் ஒரு தடவைக்கு வரும். பலர் விடையைப் பார்க்காமல் அர்ரே முழுவதையும் கோப்பில் எழுதிவிடுவார்கள். முன்பாதி புதியது, பின்பாதி போன சுற்றின் மிச்சம். டெர்மினலில் ஒரு ‘ஓ’வும் விழாது, படம் மட்டும் சிதறும். மைனஸ் எண் வந்தால் எழுதாதீர்கள், எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள். வந்த எண்ணிக்கை வரை மட்டும் வெட்டி எழுதுங்கள்.

நான் செய்வதாக இருந்தால் பதிவையும் டீகோடையும் பிரித்துவிடுவேன். செயற்கைக்கோள் ஒருமுறை கடந்து போவது அதிகம் போனால் கால் மணி நேரம். அந்தக் கால் மணிக்கு பை படிக்கட்டும், எழுதட்டும், வேறு எதுவும் வேண்டாம். சோப்பியில் ஸ்ட்ரீமைத் திறக்கும்போது மிதவை எண் வகைக்குப் பதில் எட்டு பிட் சிஎஸ்8 வகையைக் கேளுங்கள். இப்போது நீங்கள் எழுதுவது நொடிக்கு 19.2 மெகாபைட், கால் மணிக்கு 17 ஜிகாபைட்டுக்கு மேல். 10.24 லட்சத்தில் சிஎஸ்8 என்றால் நொடிக்கு 2 மெகாபைட் போல, மொத்தமே இரண்டு ஜிகாபைட்டுக்குள். சுமாரான கார்டுகூடத் தாங்கும். படம் கண் முன்னே உருவாவதைப் பார்க்கும் சுகம் போய்விடும் என்பது உண்மைதான்.

அந்த சுகம் வேண்டும் என்றால் த்ரெட்டுக்குப் போக வேண்டும். ஒரு த்ரெட் படித்து க்யூவில் போடும், இன்னொன்று எடுத்துக் கணக்குப் போடும். நம்பை பெரிய அர்ரேக்களில் வேலை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பைத்தானின் ஜிஐஎல் பூட்டைப் பல இடங்களில் விட்டுக்கொடுக்கும், அதனால் பைத்தான் த்ரெட் உபயோகமில்லை என்ற பேச்சு இங்கே அப்படியே செல்லாது. கவனிக்க வேண்டியது வேறு. க்யூவில் அர்ரேயை அப்படியே போட்டால் போவது அதன் முகவரிதான். அடுத்த ரீட்ஸ்ட்ரீம் அதே இடத்தில் மேலெழுதிவிடும், க்யூவில் இருக்கும் பத்தும் கடைசி ஒன்றாகவே இருக்கும். காப்பி எடுத்துப் போடுங்கள். க்யூவுக்கு உச்சவரம்பும் வையுங்கள். இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ டிரைவரிலிருந்து உங்கள் ரேமுக்கு இடம் மாறும், ‘ஓ’ வராமலே பை மூச்சடங்கிப் போகும். சராசரிப் பற்றாக்குறையை த்ரெட் ஓரளவு குறைக்கும், ஒழிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதனால்தான் முதலில் சாம்பிள் ரேட்.

கருவிப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஐந்து நிமிட வேலைதான். பைத்தானை மூடிவிட்டு, ஆர்டிஎல் மென்பொருளோடு வரும் ஆர்டிஎல்-டெஸ்ட்டை அதே 24 லட்சத்தில் ஓட விடுங்கள். டாங்கிள் வரிசையாக எண்ணிக்கொண்டே அனுப்பும், இடையில் எண் தாவினால் இத்தனை பைட் போனது என்று அது சொல்லும். ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ந்து சொன்னால் பைத்தான் குற்றவாளி இல்லை: யூஎஸ்பி நீட்டிப்பு வயர், மலிவான ஹப், அல்லது மின்சாரம். மின்சாரத்துக்கு, பையிலேயே இருக்கும் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையில் கெட்-த்ராட்டில்டு என்று கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்றால் சரி. கடைசியில் 50005 என்று வந்தால் வோல்டேஜ் இப்போதே குறைவாக இருக்கிறது, பை தன் வேகத்தையும் குறைத்துக்கொண்டிருக்கிறது. 50000 என்றால் பூட் ஆனதற்குப் பிறகு எப்போதோ அப்படி ஆகியிருக்கிறது. இப்படி வேகம் குறைந்தால் 65 மில்லிவினாடி லூப் 150-க்குப் போவதில் ஆச்சரியமில்லை. மொபைல் சார்ஜரையும் மெல்லிய வயரையும் விட்டுவிட்டு, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் தருகிற அடாப்டரைப் போடுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் சூடு பிரச்சினையாகாது என்று நினைப்பீர்கள். மொட்டை மாடியில் மழைக்குப் பயந்து பையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்திருந்தால், மதிய வெயிலில் அதுவும் 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைக்கும்.

சோப்பிக்குப் பதில் பைஆர்டிஎல்எஸ்டிஆர் என்ற பைத்தான் லைப்ரரிக்கு மாறினால் ‘ஓ’ வராது என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். வராதுதான். அதில் சாதாரண ரீட்-சாம்பிள்ஸை லூப்பில் கூப்பிட்டால், ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வந்தவை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். எச்சரிக்கை இல்லாததால் இழப்பு இல்லை என்று ஆகாது.

ஹைட்ரஜன் கோடு பற்றிக் கேட்டீர்கள். 1420.4 மெகாஹெர்ட்ஸ், நல்ல ஆன்டெனாவும் குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபையரும் இருந்தால் இதே டாங்கிள் போதும். அங்கே ஓவர்ஃப்ளோ உங்களை இவ்வளவு வருத்தாது. எல்ஆர்பிடியில் ஒவ்வொரு சிம்பலும் அடுத்ததோடு கோத்திருக்கிறது, நடுவில் ஒரு துண்டு போனால் டீகோடர் ஒத்திசைவைத் தொலைத்துவிட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஹைட்ரஜன் கோட்டுக்கு நீங்கள் செய்வது நீண்ட நேர சராசரி. பத்தில் ஒரு பங்கு சாம்பிள் போனால் பத்து நிமிடத்துக்குப் பதில் பதினொரு நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே எஃப்எஃப்டி துண்டுக்குள் இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஊட்டி முத்தொரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச் சரிவில் படுத்திருக்கிறதே, அந்த ரேடியோ தொலைநோக்கியை ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. நீண்ட நேரம் ஒன்றையே பார்ப்பது இந்தத் துறையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட விளக்கம் தேவையில்லை.

விலை கூடிய எஸ்டிஆர் பற்றி: ஹேக்ஆர்எஃப் போன்றவை நொடிக்கு 2 கோடி சாம்பிள் வரை தரும். வரத்தைச் சமாளிக்க முடியாத லூப்புக்கு இன்னும் எட்டு மடங்கு வரத்தை வாங்கித் தருவதில் பலன் இல்லை. கையில் பணம் இருந்தால் முதலில் நல்ல அடாப்டர், அடுத்து யூஎஸ்பி 3 எஸ்எஸ்டி, அப்புறம் அந்தப் பண்பலை ஃபில்டர்.

10.24 லட்சத்தில், வரையாமல், சிஎஸ்8-இல் ஒரு பாஸை, அதாவது செயற்கைக்கோள் ஒருமுறை கடந்து போவதை, பதிவு செய்து பாருங்கள். அப்போதும் ‘ஓ’ விழுந்தால் நான்கு விவரம் வேண்டும்: ஒவ்வொரு வேலைக்கும் சராசரி, உச்ச நேரம், ஆர்டிஎல்-டெஸ்ட் சொன்னது, த்ராட்டில்டு எண். ‘ஓ’ இல்லாமலே படத்தின் முதல் வரிகளும் கடைசி வரிகளும் மட்டும் கெட்டிருந்தால் புரோகிராமைத் தோண்ட வேண்டாம். செயற்கைக்கோள் அந்த நேரத்தில் உங்கள் எதிர் மலைக்குப் பின்னால் இருந்திருக்கும். உச்சிக்கு அருகில் போகும் பாஸாகப் பார்த்து அடுத்ததைப் பிடியுங்கள்.